சரவெடிக்கு அசையாத குட்டி

நவம்பர் 3, ஞாயிறு

காலேஜ் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. முதல் பதினெட்டுப் பக்கம் தனி ஊசலும் இசைக்கவையும். அதற்குப் பிறகு அமுதினி பிறந்த புதிதில் எழுதியது: பால் குடித்த நேரம், மலம் போன நேரம், காய்ச்சல் எத்தனை. அவளுக்கு இப்போது மூன்றரை வயது. நோட்டை மூடிவைத்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கு மறுபடி திறந்தாயிற்று. வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது.

நாய் வேண்டுமென்றது இவர்தான். டிராக்டர் கம்பெனி சர்வீஸ் வேலை, வாரத்தில் இரண்டு இரவு கிராமங்களில் தங்கல். எங்கள் வீடு கோவில்பட்டியில் பைபாஸைத் தாண்டிப் புதிதாகப் போட்ட பிளாட்டில் இருக்கிறது. சுற்றி நான்கே வீடு, மற்றதெல்லாம் கரிசல்காடு. நீயும் பிள்ளையும் தனியாகக் கிடக்கிறீர்கள், காவலுக்கு ஒன்று வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கினால் ராஜபாளையம் நாய்தான் என்று பிடிவாதம்.

ராஜபாளையத்துக்கு வெளியே குருசாமி அண்ணாச்சியின் மாந்தோப்பு. ஏழு குட்டிகள், எல்லாம் வெள்ளை. அதில் ஒன்று சுத்த வெள்ளை, மூக்குகூட ரோஜா நிறம். மற்ற ஆறும் கால்களுக்குள் உருண்டு கத்திக்கொண்டிருக்க, இது மட்டும் வைக்கோலில் அயர்ந்து தூங்கியது. அண்ணாச்சிக்கு அதைச் சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை.

“தீவாளிக்குப் பத்தாயிரம் வாலா சரம் போட்டோம் தாயி. மத்ததெல்லாம் ஆத்தாளுக்கு அடியில போயி ஒண்டிக்கிருச்சு. இவன் படுத்த எடத்த விட்டு அசையலையே. ரத்தம் அப்படி.”

இவருக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் அமு வெடிச் சத்தத்துக்கு அப்படி நடுங்குவாள். இந்தத் தீபாவளிக்கும் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்து, மறுநாள் காய்ச்சலில் விழுந்தாள். இவனைப் பார்த்தாவது தைரியம் வரட்டும் என்று இவரே குட்டியைத் தேர்ந்தெடுத்தார்.

இவர் வைத்த பெயர் வீரபாண்டி. அமு வைத்த பெயர் இட்லி. வீடு வந்து சேர்வதற்குள் இட்லி ஜெயித்துவிட்டது.

இட்லி: வயது 45 நாள். சிறுநீர் ஐந்து முறை. மலம் இரண்டு முறை, கெட்டி. விக்கல் ஒருமுறை, நான்கு நிமிடம்.

நவம்பர் 4, திங்கள்

பால் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. மலம் ஏழு முறை, தண்ணீராக. ஹாலை ஏழு முறை கழுவினேன். அமு, “அம்மா, இட்லி சட்னி ஆயிருச்சு” என்றாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

நவம்பர் 6, புதன்

டாக்டரிடம் போனோம். எஸ்தர் டாக்டர், கூட்டம் நிறைய, பேச்சு குறைவு. நான் பதினான்கு சந்தேகங்களை எண் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறதே என்றார்.

மூக்கு வெளுத்திருப்பது இரத்தசோகையா? இல்லை, இந்த ஜாதிக்கு மூக்கே அந்த நிறம்தான். விலா எலும்பு தெரிகிறதே? தெரியத்தான் செய்யும், ஒல்லி நாய். விக்கல்? எல்லாக் குட்டிக்கும் வரும். இவ்வளவு தூங்குகிறதே? குழந்தை தூங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பாலை நிறுத்து, தயிர்சாதமும் அவித்த முட்டையும் கொடு, பூச்சி மருந்து ஐந்து நாள் கழித்து மறுபடி.

நெற்றியில் என்ன கரி என்று கேட்டார். பக்கத்து வீட்டு அற்புதம் அக்கா காலையில் வந்து, இவ்வளவு வெள்ளையாக இருந்தால் கண்பட்டுவிடும் என்று சொல்லி என் கண்மையை எடுத்துப் பெரிய பொட்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார். டாக்டர் பஞ்சால் துடைத்தார். வீட்டுக்கு வந்ததும் அமு அழுதாள். மறுபடி வைத்தேன்.

பன்னிரண்டாவது சந்தேகம் வரும்போது அமு, வரிசையில் நின்ற ஒரு ஆட்டுக்கு என் துப்பட்டாவைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மீதி இரண்டைக் கேட்கவில்லை. பதின்மூன்று, நகம். பதினான்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான், பெயர் பழகியிருக்காது. அது ஒரு சந்தேகமே இல்லை.

நவம்பர் 9, சனி

குணம் பற்றிச் சில குறிப்புகள்.

ஒன்று, பிடிவாதம். பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பாது. இவர் அதை ராஜகளை என்கிறார். நம்மை மதிக்கவில்லை என்று சொல்வதற்கு அப்படியும் ஒரு வார்த்தை.

இரண்டு, முறைப்பு. நான் பேசினால் என் முகத்தையே பார்க்கிறது. கல்யாணமான புதிதில் என் மாமியார் இப்படித்தான் பார்ப்பார்.

மூன்று, குரல். குட்டி மாதிரியே குரைப்பதில்லை. சுவரில் வண்டி வெளிச்சம் ஓடினால் போதும், கட்டைக் குரலில் ஊரைக் கூட்டுகிறது.

நான்கு, கெட்ட சகவாசம். அமு அடம்பிடித்துத் தரையில் காலை உதைத்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வராதவன் அடத்துக்கு வருகிறான்.

அற்புதம் அக்கா காம்பவுண்டு வழியாக எட்டிப் பார்த்து, பிள்ளைக்குப் போடுகிற சத்தம் போதாதென்று இப்போது நாய்க்கும் சேர்த்தா என்றார். “ஒன் சத்தத்த வச்சுத்தான் வேணி நான் மணியே பாக்கேன். பல்லு வெளக்குனு கேட்டா ஏழு. தட்டக் காலி பண்ணுனு கேட்டா எட்டரை.”

எனக்கு அவ்வளவு சத்தம் போடுவதாகத் தோன்றவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

மலம் கெட்டி. தெய்வமே.

நவம்பர் 14, வியாழன்

கடித்துவிட்டது.

ஒழுங்காக எழுத வேண்டும். குழந்தைகள் தினம் என்று அமுவுக்குக் காகிதத்தில் கிரீடம் செய்து கொடுத்தேன். அவள் இட்லிக்கும் ஒன்று கேட்டாள், செய்தேன். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்த இட்லியின் தலையில் அதை வைத்திருக்கிறாள். அவன் துள்ளி எழுந்து, யார் எவரென்று பார்க்காமல் கவ்விவிட்டான். வலது கை ஆள்காட்டி விரல். இரத்தம் வரவில்லை, சிவப்பாக ஒரு கோடு. கடித்த அடுத்த நொடியே அவன் அவளைப் பார்த்துவிட்டு வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டான்.

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கழுவினேன். அப்புறம் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. நாலு ஊசி: இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது வரவில்லை, அதனால் குழந்தைக்குப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். அமு ஊசிக்கு அழவில்லை. நான் அழுதேன். நர்ஸ், யாருக்கம்மா ஊசி என்று கேட்டார்.

இவர் சாயங்காலம் வந்தார். விரலைப் பார்த்தார். சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நவம்பர் 15, வெள்ளி

முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, 24-ஆம் தேதி, கொண்டுபோய் விட வேண்டியது. இதற்குப் பதில் இதன் அண்ணனோ தம்பியோ ஒன்று மிச்சமிருக்கிறதாம், அதைத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

சரிதான். பிள்ளையைக் கடிக்கிற நாயை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாள்தானே.

இட்லி: தயிர்சாதம் பாதிதான் சாப்பிட்டது. முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்து ஊட்டினால் சாப்பிடுகிறது. நான்கு தடவை ஊட்டினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டாவது ஊசி. அமு நர்ஸிடம், “எங்க இட்லி கடிச்சிருச்சு” என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பிளாட்டின் கடைசி வீட்டில் வளைகாப்பு. கோவில்பட்டியில் எதற்கும் வெடி, பெண்ணுக்கு வளையல் போடுவதற்கும் வெடி. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் எங்கள் வாசலுக்கு நேராகச் சரத்தை விரித்துவிட்டார்கள்.

அமு வீறிட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில். என் கையில் மாவுக் குண்டான், தூக்கிவாரிப்போட்டுக் கீழே விட்டேன். எவர்சில்வர் குண்டான், இட்லிக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் போர்வைமேல் விழுந்து, அங்கிருந்து சரிந்து மூடியோடு உருண்டது. தெருவில் இரண்டு நாய்கள் கரிசல்காட்டைப் பார்த்து ஓடுகின்றன. ஹால் நடுவில் இட்லி உட்கார்ந்து, தன் வாலில் ஒட்டியிருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தான். காது மடல்கூட அசையவில்லை.

வீரம், என்று முதலில் நினைத்தேன்.

அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். சிந்திய மாவின்மேலேயே உட்கார்ந்தேன் என்பது எழுந்தபோதுதான் தெரிந்தது. வீரனாக இருந்தாலும் திரும்பிப் பார்க்கவாவது பார்ப்பானே.

நவம்பர் 20, புதன்

நோக்கம்: இட்லிக்குக் காது கேட்கிறதா எனக் கண்டறிதல்.

தேவையான பொருட்கள்: குக்கர், சாவிக்கொத்து, தாம்பாளம், கரண்டி, அமுதினி.

செய்முறை: இட்லி வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னாலிருந்து, காற்றோ நிழலோ அவன்மேல் படாமல் ஒலி எழுப்ப வேண்டும்.

காண்பவை: குக்கர் விசில், மூன்று முறை. இல்லை. சாவிக்கொத்து. இல்லை. தாம்பாளத்தில் கரண்டி. இல்லை. (அற்புதம் அக்கா மட்டும் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.) அமு காதருகில் “இட்லீ”. இல்லை. அமு தரையில் இரண்டு முறை காலால் தட்டுதல். உடனே திரும்பினான், வாலாட்டிக்கொண்டு வந்தான். ஐந்து முறை செய்தோம், ஐந்து முறையும் வந்தான்.

முடிவு:

முடிவை எழுதாமல் டாக்டரிடம் போனேன். அவரும் பின்னாலிருந்து ஏதேதோ தட்டிப் பார்த்தார். இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே என்றார். சுத்த வெள்ளைக் குட்டிகளில் இது கொஞ்சம் அதிகம்தானாம். வலியில்லை, மருந்தும் இல்லை.

கடித்ததைச் சொன்னேன். டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

“நீ அசந்து தூங்கும்போது சத்தமே இல்லாம ஒருத்தன் வந்து தலையில கை வச்சா நீ என்னம்மா பண்ணுவ?”

கடிப்பேன் என்றேன்.

“அவ்வளவுதான். குணம் கெட்டதில்ல இது, பயந்தது. எழுப்பணும்னா மொதல்ல தரையத் தட்டுங்க, இல்ல மூஞ்சிக்கு நேரா கையக் கொண்டுபோங்க, மோப்பம் புடிச்சு முழிக்கட்டும். ரோட்டுல கயிறு இல்லாம விடவே கூடாது. இதுக்குக் குட்டி எடுக்கவும் கூடாது. வேற ஒண்ணும் இல்ல.”

முறைக்கவில்லை, என் வாயைப் பார்த்திருக்கிறான். ராஜகளை இல்லை. அடத்துக்கு வரவில்லை, அதிர்வுக்கு வந்திருக்கிறான். இசைக்கவையைத் தண்ணீரில் தொட்டு அதிர்வு என்றால் என்ன என்று படம் வரைந்தவள் நான். இதே நோட்டில், ஒன்பதாம் பக்கம். பத்துக்குப் பத்து மார்க்.

இவரிடம் சொன்னேன். “காவலுக்கு வாங்குன நாய்க்குக் காது கேக்காது. வெளிய சொல்லிராத வேணி” என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் மாற்றமில்லை. காது கேட்கிறதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் பிள்ளையோடு தனியாக இருப்பது நான்தான்.

நவம்பர் 21, வியாழன்

மூன்றாவது ஊசி.

ஒரு திருத்தம். நவம்பர் 3-ஆம் தேதிப் பக்கத்தில், குட்டியை இவர் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறேன். இவர் கேட்டது காலில் கறுப்புப் புள்ளி இருந்த இன்னொன்றை. நான்தான் இதைக் காட்டினேன். மற்ற ஆறும் கத்தின, இது கத்தவில்லை. அமு பிறந்து ஒரு வருடம் சாயங்காலமானால் நிறுத்தாமல் அழுவாள். அழாத ஒன்று வீட்டுக்கு வரட்டும் என்று தோன்றியது.

அண்ணாச்சி வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ராஜபாளையம். இவர் நண்பரின் கார். அமு மடியில் இட்லி, இட்லி நெற்றியில் மைப்பொட்டு. எங்கே போகிறோம் என்று அமுவிடம் சொல்லவில்லை. அவன் அம்மாவைப் பார்க்க என்றேன். பொய்யில்லை.

குருசாமி அண்ணாச்சி முதலில் நம்பவே இல்லை. காது கேட்காதாவது, என்ன பேச்சு பேசுகிறாய் தாயி என்று, தோட்டத்து வேலையாட்கள் சாப்பிடுகிற தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து இட்லியின் தலைக்குப் பின்னால் நின்று தட்டினார். இட்லி பட்டாம்பூச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஓங்கித் தட்டினார். மரத்திலிருந்து கொக்கு பறந்தது. அண்ணாச்சி நார்க்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“இருவது வருசமாத் தீவாளிக்குத் தீவாளி சரம் போட்டு, எது அசையலையோ அதத்தாம்மா பொறுக்கி வளத்தேன்.”

 கிணற்றடிச் சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில், மாமர நிழலில் தாய் நாய் படுத்திருந்தது. அண்ணாச்சி மெதுவாக எழுந்துபோய் அதன் பின்னால் நின்று ஒரு தட்டு தட்டினார். அது சத்தம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பி எங்களைத் தேடியது. அதற்கும் ஒரு காதுதான் கேட்கிறது. அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. இவர் என் கையைக் கிள்ளினார்.

பதிலுக்குக் கொடுக்கிற குட்டியைக் கொண்டுவந்தார்கள். காலில் கறுப்புப் புள்ளிக்காரன். காருக்குக் குரைத்தான், காக்கைக்குக் குரைத்தான், இவர் தும்மியதற்குக் குரைத்தான். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

இட்லியை என்ன செய்வீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். தோப்புக்குள் லாரி பின்பக்கமாக வருமாம், அவிழ்த்துவிட முடியாதாம். “கட்டித்தான் போடணும் தாயி. சோத்துக்குக் கொறை வைக்க மாட்டேன்.”

அவர் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

அப்போது அமு எழுந்தாள். இட்லி இருபது அடி தள்ளி அவன் அம்மாவின் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். அவள் கூப்பிடவில்லை. கிணற்றடிச் சிமெண்டுத் தளத்தில் போய் நின்று, ‘தம் தம்’ என்று இரண்டு மிதி மிதித்தாள். அதே தளத்தின் அடுத்த ஓரத்தில் படுத்திருந்தவன் திரும்பினான். அவள் உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தாள். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் காதெல்லாம் பின்னால் பறக்க ஓடிவந்து அவள்மேல் விழுந்தான்.

“நாங்க இவனையே கூட்டிட்டுப் போறோம் அண்ணாச்சி” என்றேன். இவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னேன். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அப்படி ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

 கழுகுமலையைத் தாண்டியதும் இவர் கேட்டார்.

“அப்ப காவலுக்கு யாரு?”

“நான்.”

இவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. கோவில்பட்டி வந்ததும் ஒன்று மட்டும் சொன்னார்: “இருந்துட்டுப் போகட்டும். ஆனா நாய்க்கு நான் காலத் தட்டிக் கூப்பிட மாட்டேன். அந்த அளவுக்கு எறங்க முடியாது.”

நவம்பர் 28, வியாழன்

இட்லிக்கான பாஷை, இதுவரை. உள்ளங்கை நெஞ்சுக்கு: வா. விரல் குவித்து வாய்க்கு: சாப்பாடு. ஆள்காட்டி விரல் ஆட்டினால்: கூடாது. கட்டைவிரல்: சமத்து. விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால்: எங்கே இருந்தாலும் வந்து சேர்.

சங்கடம் என்னவென்றால், அடுப்படியில் இருந்துகொண்டு எதையும் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய் அவன் முகத்துக்கு நேரே நிற்க வேண்டியிருக்கிறது. அமுவும் இதையே பழகிக்கொண்டாள். ‘பல் விளக்கு’ என்று நான் விரலைக் காட்டினால் போய் விளக்குகிறாள். வாயால் ஏழு முறை சொன்னபோது கேட்காதவள்.

டிசம்பர் 2, திங்கள்

தடுப்பூசி, முதலாவது. எடை கூடியிருக்கிறது. டாக்டரிடம் மூன்றே சந்தேகம் கேட்டேன். மீதி எங்கே என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

அற்புதம் அக்கா பதறிக்கொண்டு வந்தார். உடம்புக்கு முடியவில்லையா, ஊருக்குப் போய்விட்டீர்களா, ஒரு வாரமாக வீட்டில் சத்தத்தையே காணோமே, மணி எத்தனை என்றே தெரியவில்லை என்றார். அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம். காபி போட்டுக் கொடுத்தேன்.

அக்கா காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் வந்தது. அந்தத் தம்பி சிலிண்டரைக் கேட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வாசல்படியில் தாடையை வைத்துப் படுத்திருந்த இட்லி, நாங்கள் யாரும் பார்ப்பதற்கு முன்பே எழுந்து அந்தக் கட்டைக் குரலில் குரைத்தான் பாருங்கள், அந்தத் தம்பி சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு, “யக்கா, மொதல்ல நாயப் புடிங்க” என்று கேட்டுக்கு வெளியே நின்றான். இரண்டரை மாதக் குட்டி.

இவரிடம் சொன்னேன். அப்படியா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எவ்வளவு தூரத்தில் சிலிண்டர் வரும்போது எழுந்தான் என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து, கேட் திறந்த சத்தத்தை நீங்கள் யாராவது கவனித்தீர்களா என்று கேட்டார். படுக்கும்போது, “வெயிட்டான வண்டி வந்தா இன்னும் தூரத்துலயே கண்டுபுடிப்பான், இல்ல?” என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

நான்காவது ஊசி. முடிந்தது. நர்ஸ் அமுவிடம், இட்லி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அமு கட்டைவிரலைக் காட்டினாள்.

விரலில் கோடு மறைந்துவிட்டது. எந்த விரல் என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை.

 சாயங்காலம் விளக்கு ஏற்றினால் கூடவே வெடியும் தொடங்கும். கட்டிலுக்கு அடியில் முன்கூட்டியே ஒரு பாய் போட்டு, தலையணையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்தேன். காய்ச்சல் மருந்து அலமாரியின் முன்வரிசையில்.

ஆறு மணிக்கு முதல் வெடி. அமு கையிலிருந்த கொழுக்கட்டையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முகம் கோணியது. இதோ வருகிறது என்று நான் ஓடத் தயாரானேன்.

இட்லி ஹால் நடுவில் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அமு அவனைப் பார்த்தாள். ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தாள்.

“அம்மா, இவனுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா.”

“பாவம். யாராச்சும் சொல்லணும்ல.”

போய்த் தரையை மெதுவாகத் தட்டினாள். விதிப்படி. அவன் விழித்தான். அடுத்த வெடி வந்தது. அவள் தோள் இரண்டும் தூக்கிப்போட்டது, ஆனால் அழவில்லை. இரண்டு கையையும் குவித்து, அவன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய், விரல்களைப் பொசுக்கென்று விரித்தாள். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அடுத்த வெடிக்கும் விரித்தாள். சின்ன வெடிக்குச் சின்னதாக, பெரிய வெடிக்குக் கையை அகல வீசி. ராக்கெட்டுக்கு எழுந்து நின்று ஒரு விரலை மேலே அனுப்பினாள். யாரோ சரம் போட்டார்கள். பத்து விரலும் போதாமல் தத்தளித்து, “அம்மா, நீயும் வா, வேகமா வருது” என்றாள்.

நானும் உட்கார்ந்தேன். இடது பக்கம் வெடிப்பதை நான் சொன்னேன், வலது பக்கத்தை அவள் சொன்னாள். இட்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, விரியும் கையையெல்லாம் நக்கினான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கொழுக்கட்டை அடுப்பில் இருந்ததும் நினைவில்லை.

இவர் எப்போது வந்தாரென்றும் தெரியாது. வாசலில் விளக்குகளுக்கு நடுவே நின்று, வேணி என்று கூப்பிட்டிருக்கிறார். அமு என்று கூப்பிட்டிருக்கிறார். அடுப்பில் ஏதோ தீய்கிறதே என்று கத்தியும் இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் திரும்பவில்லை.

அப்புறம்தான் தரை அதிர்ந்தது. தம், தம்.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம். இவர் வாசல்படியில் ஒரு ஷூவோடு நின்றிருந்தார். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை மெல்ல நெஞ்சுக்கு இழுத்தார்.